லட்-இன்-த-மிஸ்ட்: கண்டெடுத்த நாவலும் கண்டடையாத ஆசிரியரும்

லட்-இன்-த-மிஸ்ட், ஆங்கில எழுத்தாளர் ஹோப் மிர்லீஸ் (1887-1978) எழுதிய மிகுபுனைவு நாவல். 1926-ல் லண்டனில் காலின்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. பின்னர் நெடுங்காலம் அச்சில் இல்லை. 1970-ல் அமெரிக்காவின் பேலன்டைன் பதிப்பகம் பேப்பர்பேக்காக வெளியிட்ட பிறகே இந்நாவலுக்கு இரண்டாம் தலைமுறை வாசகர்கள் அமைந்தனர். மறக்கப்பட்ட மிகுபுனைவுகளைத் தேடி எடுத்த அந்த முயற்சியின் பெருமையும் குறையும் இந்த ஒரு நூலிலேயே தெரிகின்றன.

தேடியவர்கள்

1965-ல் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' அமெரிக்காவில் பேப்பர்பேக்காக வந்து பெரும் வெற்றி பெற்றது. அதைப் படித்தவர்கள் அதுபோல வேறொன்று கேட்டார்கள். புதிதாக எழுதுபவர்கள் அன்று மிகச் சிலரே. ஆகவே பதிப்பாளர்களான இயன், பெட்டி பேலன்டைன் இணையர் பழைய நூல்களின் பக்கம் திரும்பினர். எழுத்தாளரும் தீராத நூல்சேகரிப்பாளருமான லின் கார்ட்டர் ஆலோசகராக அமர்த்தப்பட்டார். 1969 மே மாதம் தொடங்கி 1974 வரை, ஒற்றைக்கொம்புக் குதிரையின் தலையை முத்திரையாகக் கொண்டு 65 நூல்கள் வந்தன. வில்லியம் மாரிஸ், டன்சேனி பிரபு, ஜேம்ஸ் பிராஞ்ச் கேபெல் போன்றோரின் நூல்கள் பழைய புத்தகக் கடை அலமாரிகளிலிருந்து பேருந்து நிலையக் கடைகளுக்கு வந்தது இப்படித்தான். கார்ட்டரின் முன்னுரைகளில் ஆய்வுத் துல்லியம் குறைவு. ஆனால் தான் கண்ட புதையலைப் பிறருக்குக் காட்டத் துடிக்கும் வாசகனின் குரல் அவற்றில் உண்டு. அந்தக் குரலை நம்பியே பலர் பெயர் தெரியாத ஆசிரியர்களின் நூல்களை வாங்கினர்.

இந்தத் தேடலின் மிக நல்ல விளைவு எவாஞ்சலின் வால்டன். வேல்ஸ் நாட்டுப் பழங்கதைத் தொகுப்பான மாபினோகியனை ஒட்டி 1936-ல் அவர் எழுதிய நாவல் கவனிக்கப்படாமல் போனது. பேலன்டைன் அதை 1970-ல் 'தி ஐலண்ட் ஆஃப் த மைட்டி' என்ற புதிய பெயரில் வெளியிட்டது. வால்டன் அரிசோனாவில் உயிருடன் இருந்தார். அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளும் அவரிடம் இருந்தன. 1971 முதல் 1974-க்குள் மேலும் மூன்று நாவல்கள் வெளிவந்து அது நான்கு நூல் வரிசையாக நிறைவுற்றது. ஒரு மறுபதிப்பு ஓர் எழுத்தாளரையே மீட்டது.

மிர்லீஸுக்கு அப்படி நடக்கவில்லை. அவரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை, உயிருடன் இருக்கிறாரா என்றே தெரியவில்லை என்று கார்ட்டர் முன்னுரையில் எழுதினார். நூல் அனுமதியின்றி வெளிவந்தது. எண்பது வயதைக் கடந்த மிர்லீஸ் அப்போது இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் முகவரியற்றவரும் அல்ல. அவருடைய 'பாரிஸ்' என்ற நெடுங்கவிதையை 1920-ல் ஹோகார்த் அச்சகத்துக்காக எழுத்துக் கோத்தவர் வர்ஜீனியா வுல்ஃப். டி.எஸ். எலியட் அவருடைய நெருங்கிய நண்பர். பழஞ்சுவடிகளைத் தேடிச் சேர்த்த ராபர்ட் காட்டனைப் பற்றி மிர்லீஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றை ஃபேபர் பதிப்பகம் 1962-ல்தான் வெளியிட்டிருந்தது. பழைய நூல்களைத் தேடிய ஒருவரைப் பற்றி அவர் எழுதிய அந்தப் புத்தகமே தேடுபவர்களை அவரிடம் கொண்டு சேர்த்திருக்கும். ஃபேபருக்கு ஒரு கடிதம் போதும்.

1965-ல் டோல்கீனின் நாவலை ஏஸ் நிறுவனம் அனுமதியின்றி அச்சிட்டபோது, அனுமதி பெற்ற பதிப்பைக் கொண்டுவந்தது பேலன்டைன்தான். உயிருடன் இருக்கும் எழுத்தாளரை மதிப்பவர்கள் இந்தப் பதிப்பையே வாங்க வேண்டும் என்ற பொருளில் டோல்கீனின் வேண்டுகோள் அதன் அட்டையில் இருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் அதே நிறுவனம் இன்னோர் எழுத்தாளரிடம் வேறுவிதமாக நடந்துகொண்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, 28 ஆண்டு முடிவில் உரிமையைப் புதுப்பிக்காத நூல் பொதுவுடைமையாகிவிடும். பழைய நூல் தேடுபவர்களுக்கு ஆசிரியரையும் தேடும் கட்டாயம் பலநேரம் இருக்கவில்லை.

நாவல்

கதை டாரிமேர் என்னும் கற்பனை நாட்டின் தலைநகரில் நடக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆப்ரி கோமகனைத் துரத்திவிட்டு வணிகர்கள் ஆட்சியைப் பிடித்த ஊர் அது. மலைகளுக்கு அப்பால் மாயமக்களின் நாடு. அங்கிருந்து கடத்திவரப்படும் கனியைத் தின்றவர்கள் நிலைகுலைகிறார்கள். ஊரில் அக்கனியின் பெயரைச் சொல்வதே இழிவு. ஆகவே நீதிமன்றம் அதைப் பட்டுத்துணி என்று கருதி வழக்கு நடத்துகிறது. மேயர் நத்தானியேல் சாண்டிகிளியர் சுகவாசி, இளமையில் கேட்ட ஓர் இசையொலியின் அச்சத்தை யாரிடமும் சொல்லாமல் சுமப்பவர். அவர் மகன் கனியைத் தின்றுவிடுகிறான். பெண்கள் பள்ளியின் மாணவிகள் ஆடிக்கொண்டே மலைக்கு ஓடிவிடுகிறார்கள்.

மேயர் மீது கடத்தல் பழி விழுகிறது. சட்டத்தின் பார்வையில் அவர் இறந்தவர் என்று அறிவிக்கப்படுகிறார். நாவலின் மிகச் சிறந்த திருப்பம் இது. டாரிமேர் மக்களின் நம்பிக்கையில் மாயமக்களும் இறந்தவர்களும் ஏறத்தாழ ஒரே கூட்டம். கனியைத் துணியாக்கிய அதே சட்டப் புனைவு இப்போது மேயரைப் பிணமாக்கி, எல்லைக்கு அப்பால் சென்று மகனை மீட்கும் தகுதியை அவருக்கு அளித்துவிடுகிறது. மாயத்தை ஒளித்துவைக்கப் பிறந்த சட்டம் தானே ஒரு மாயமாகிறது. மிர்லீஸ் இதைப் பிரகடனமாகச் சொல்வதில்லை. நகரமன்ற உறுப்பினர்களின் சாப்பாடு, சீஸ், வசைச்சொற்கள் என்று நகைச்சுவையாகவே நகர்த்துகிறார்.

கிரேக்கச் சடங்குகளை ஆராய்ந்த ஜேன் ஹாரிசன் மிர்லீஸின் ஆசிரியர், பின் பல்லாண்டுகள் அவருடன் வாழ்ந்த தோழி. ஒழுங்கான ஒலிம்பிய தெய்வங்களின் அடியில் டயோனிசஸின் வெறியாட்டும் இறந்தோர் வழிபாடும் இருந்தன என்று காட்டியவர் ஹாரிசன். அந்தப் பார்வை ஒரு வியாபார ஊரின் கேலிச்சித்திரமாக இங்கே மாறியிருக்கிறது. ஆப்ரி கோமகன் கொடியவன், கவிஞனும்கூட. அவனை முழுக்க ஏற்கவும் ஒதுக்கவும் நாவல் மறுக்கிறது.

குறைகளும் உண்டு. நடுப்பகுதியில் வரும் பழைய கொலை வழக்கின் துப்பறிதல் நீள்கிறது, தற்செயல்கள் மிகுதி. மாயநாட்டுப் பயணம் சில பக்கங்களில் முடிந்துவிடுவதைப் பலர் குறையாகச் சொல்லக்கூடும். அது குறையல்ல. அந்நாட்டை விரிவாக வர்ணித்திருந்தால் அதுவும் வரைபடம் உள்ள இன்னொரு நாடாகியிருக்கும்.

இந்த நாவலில் இருளரசன் இல்லை, பெரும்போர் இல்லை. டோல்கீனை நோக்கிச் செல்லும் பாதையில் ஒரு கல்லாக இதை வைத்த வரிசை வாசகர்களுக்கு நூலைக் கொடுத்தது, கூடவே தவறான எதிர்பார்ப்பையும் கொடுத்தது. வாள்வீச்சை எதிர்பார்த்து வருபவருக்கு முதல் நூறு பக்கம் ஏமாற்றமாகவே இருக்கும். நகரமன்ற அரசியலைக் கேலிசெய்யும் நாவலாகத் தொடங்குபவர் அதே பக்கங்களை ரசிப்பார்.

1970களின் முற்பகுதியில் வர்ஜீனியா வுல்ஃப் பற்றிய ஆய்விதழ் ஒன்று மிர்லீஸைத் தொடர்புகொண்டது. கத்தோலிக்கராகிவிட்டிருந்த அவர், சமயநிந்தை என்று தாம் கருதிய வரிகளை நீக்கிய பிறகே 'பாரிஸ்' கவிதையை அதில் மறுபடி வெளியிட்டார். பேலன்டைன் பதிப்பு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 2000-ல் லட்-இன்-த-மிஸ்ட் பிரிட்டனின் 'ஃபேண்டஸி மாஸ்டர்வொர்க்ஸ்' வரிசையில் நீல் கெய்மனின் முன்னுரையுடன் வெளிவந்தது.