‘பழைய’ என்றொரு சொல்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘பழைய’ என்பதற்கு நிலையான குணம் கிடையாது. பழைய புளி என்றால் உம்மாமாரிடம் மதிப்பு. பழைய இரும்பு என்றால் தராசில் நிறுத்து விற்பது; 1990க்கு முன் சோனகத்தெருவில் பல வீட்டு அடுப்புகள் அந்த வியாபாரத்தில்தான் எரிந்தன. பழஞ்சோற்றுக்கு வயது ஒரே ஒரு இரவு. ‘அவர் பழைய ஆள்’ என்றால் வயதைச் சொல்கிறார்களா, விஷயம் தெரிந்தவர் என்கிறார்களா என்பது சொல்பவரின் குரலில்தான் இருக்கு.

என்னை யோசிக்க வைத்தது ‘பழைய மாணவர்’ என்ற வழக்கு. ஒஸ்மானியாவின் பழைய மாணவர் என்றால் வயதுபோன மாணவர் அல்ல. முந்தி மாணவராயிருந்து இப்போது அப்படி இல்லாதவர். இங்கே ‘பழைய’ காலநீளத்தைச் சொல்லவில்லை, ஒரு நிலை முடிந்துபோனதைச் சொல்கிறது.

2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேற்ற நிர்வாகம் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் ‘புதிய’ இடம்பெயர்ந்தோர்; அதற்கு முந்தியவர்கள் ‘பழைய’ இடம்பெயர்ந்தோர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட நாங்கள் ‘பழைய’வுக்குள் போனோம். அதே ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய தமிழ்ச் சனங்களும் அதற்குள்தான். உதவியில் முதலிடம் புதியவர்களுக்கு. வன்னியிலிருந்து வந்த சனங்களின் அவசரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் பட்டது பெரும்பாடு. என் வழக்கு சொல்லோடுதான்.

ஆங்கிலப் படிவத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை தமிழுக்கு வந்த தொடர் இது. எழுதியவர் நினைத்தது ‘நெடுங்காலமாக இடம்பெயர்ந்திருப்போர்’ என்பதாக இருக்கலாம். தமிழ்க் காது ‘பழைய மாணவர்’ போலத்தான் அதைக் கேட்கும். ஒரு அலுவலகத்தில் உம்மா, “நாங்கள் பழைய இடம்பெயர்ந்த ஆக்கள், தம்பி” என்றா. மேசைக்குப் பின்னால் இருந்த பொடியன் மரியாதையாகத்தான் கேட்டான்: “அப்ப இப்ப நீங்கள் இடம்பெயர்ந்த ஆக்கள் இல்லைத்தானே, அம்மா?” அவனிலும் பிழை சொல்லேலாது. இலக்கணப்படி அவன் வாசித்தது சரி.

திருக்குறளின் 81ஆம் அதிகாரத்துக்குப் ‘பழைமை’ என்று பெயர். நெடுநாள் நட்பையும், அந்த நட்பு எடுத்துக்கொள்ளும் உரிமையையும் பேசுவது அது. அங்கே நாள் கூடக் கூட உரிமை கூடும். படிவத்தில் நாள் கூடக் கூட வரிசையில் பின்னுக்குப் போக வேண்டியிருந்தது. ‘நீண்டகால’ என்று ஒரு சொல் தமிழில் இல்லாமலா போயிற்று?

புத்தளத்தில் இருந்த காலத்தில் எங்களுக்குப் ‘பழைய வீடு’ என்றால் சோனகத்தெரு வீடு. திரும்பி வந்தபின் என் பிள்ளைகள் புத்தளத்து வீட்டைப் ‘பழைய வீடு’ என்கிறார்கள். உம்மா இரண்டையுமே அப்படிச் சொல்லமாட்டா. அது ‘அங்கத்தை வீடு’. கூரை போய், சுவர் பாதியாய் நின்றபோதும் இது ‘வீடு’. முன்னால் அடைமொழி ஒன்றும் கிடையாது.