மியுவான் எங்கே நின்றது?

டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் படிகத்துக்குள் வடமுனையும் தென்முனையும் தனித்தனியே உலவுகின்றன, அவை சுமக்கும் காந்த ஏற்றத்தை அளந்தும் விட்டோம் என்று 2009இல் ஸ்டீவன் பிராம்வெல் குழு 'நேச்சர்' இதழில் அறிவித்தது. இங்கிலாந்தின் ஐசிஸ் ஆய்வுக்கூடத்தில் நடந்த அந்தச் சோதனைக்குக் கருவி மியுவான் என்ற நுண்துகள். அந்த அளவீடு நிற்குமா என்பதே இங்கே கேள்வி.

மியுவானின் பலம் உண்மையானது. கற்றையில் வரும் மியுவான்களின் தற்சுழற்சி அநேகமாக முழுவதும் ஒரே திசையில் இருக்கும். படிகத்தில் புதைந்ததும் அந்த இடத்துப் புலத்தைச் சுற்றி, டெஸ்லாவுக்கு வினாடிக்கு 13.55 கோடி முறை என்ற கணக்கில் அது சுழலும். சராசரியாக 2.2 மைக்ரோ வினாடியில் சிதையும்போது, தற்சுழற்சி நோக்கும் பக்கமாகவே பாசிட்ரானை அதிகம் வீசும். பாசிட்ரான்களை எண்ணினால் உள்ளிருக்கும் புலம் தெரிந்துவிடும். வெளிப்புலமே வேண்டாம். மிக நலிந்த காந்தத்தன்மையும் தப்பாது. படிகத்தின் எத்தனை பங்கில் காந்த ஒழுங்கு இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதில் இதற்கு இணையான முறை அரிது.

பிராம்வெல் குழு கேட்டது வேறு கேள்வி. புலம் ஏறினால் மின்பகுபொருளில் அயனிகள் கூடுதலாகப் பிரியும் என்று 1934இல் ஆன்சாகர் காட்டினார். காந்தமுனைகளும் அப்படியே பிரியுமானால், மியுவான் சிக்னல் தளரும் வேகம் புலத்தோடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து ஏற்றத்தைக் கணக்கிடலாம். விடை ஓர் ஆங்ஸ்ட்ராமுக்குச் சுமார் 5 போர் மேக்னட்டான் (அணு அளவிலான காந்த வலிமையின் அலகு). கோட்பாடு சொன்னது 4.6. நெருக்கம் பிரமிக்க வைக்கிறது. ஆனால் சூத்திரத்தில், புலத்தோடு அந்த வேகம் ஏறும் வீதம், அதாவது வரைகோட்டின் சரிவு, கனமூலமாகத்தான் நுழைகிறது. சரிவு இரண்டு மடங்கு பிசகினாலும் விடை 26 சதவீதமே நகரும். ஆகவே இந்தப் பொருத்தத்துக்கு, பார்த்த மாத்திரத்தில் தோன்றும் எடை இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் இடம் பற்றியது. டிஸ்ப்ரோசியம் அயனி ஒவ்வொன்றும் பத்து போர் மேக்னட்டான் வலிமையுள்ள காந்தம். படிகத்துக்குள் மியுவான் சந்திக்கும் புலம் பல நூறு மில்லி டெஸ்லா. 0.3 டெஸ்லாவிலேயே ஒரு சுற்று 25 நானோ வினாடியில் முடிந்துவிடும். ஐசிஸின் மியுவான்கள் வரும் துடிப்பின் அகலமோ ஏறக்குறைய 80 நானோ வினாடி. உள்ளே நின்றவற்றின் சுழற்சி அந்தக் கருவியில் தெரியவே வழியில்லை. ஆனாலும் ஓரிரு மில்லி டெஸ்லா வெளிப்புலத்துக்கு ஏற்ற மெதுவான சுழற்சி பதிவானது. அப்படியானால் அந்த மியுவான்கள் எங்கே நின்றன?

சாரா டன்சிகர் குழு 2011இல் புதிய அளவீடுகளை வெளியிட்டு, இத்தகைய சோதனையில் காந்தமுனைகள் பிரியும் விளைவைக் காணவே முடியாது என்றது. மறு ஆண்டே ஸ்டீபன் பிளண்டல் கணக்கிட்டுக் காட்டினார்: படிகத்துக்குப் பின்னால் இருந்த வெள்ளித் தட்டில் நின்ற மியுவான்கள், படிகத்திலிருந்து கசியும் புலத்தை உணர்ந்தாலே இந்தச் சிக்னல் கிடைத்துவிடும். வெள்ளியின் சொந்தக் காந்தச் சலனம் மிகச் சிறிது என்பதால்தான் அதைத் தட்டாக வைக்கிறார்கள். அதனாலேயே அயல் புலம் அதில் துல்லியமாகப் பதிகிறது.

கசியும் புலமும் படிகத்தின் காந்தமாக்கலிலிருந்துதானே வருகிறது என்று எதிர்வாதம் செய்யலாம். நியாயமான வாதம், ஆனால் பாதி தூரமே போகிறது. வெளியில் தெரியும் புலம் படிகத்தின் வடிவத்தையும் தட்டு இருக்கும் தூரத்தையும் பொறுத்து மாறும். அதிலிருந்து தனியொரு காந்தமுனையின் ஏற்றத்தைப் பிரித்தெடுக்க 2009இன் பகுப்பாய்வில் வழி இல்லை.

என் தீர்ப்பு பிராம்வெல் குழுவின் எண்ணுக்கு எதிரானது, காந்தமுனைகளுக்கு எதிரானதல்ல. நியூட்ரான் சிதறல் அதே 2009இல் வலுவான சான்று தந்தது. 2019இல் இதே சேர்மத்தின் காந்த இரைச்சலை ஸ்க்விட் கருவியால் கேட்டது சீமஸ் டேவிஸ் குழு. அந்தச் சான்றுகள் மியுவானை நம்பி நிற்கவில்லை.

மியுவான் மீதும் முழுப் பழியைப் போட முடியாது. ஃபுளோரைடுகளில் அது இரண்டு ஃபுளோரின் அயனிகளுக்கு நடுவே அமர்ந்து, தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது. அங்கே அதன் சொல்லைத் தயங்காமல் ஏற்கலாம். பிரசியோடிமியம் கொண்ட பைரோகுளோர் வகைப் படிகங்களிலோ, புகுந்த மியுவானின் மின்னூட்டமே அண்டை அயனிகளின் ஆற்றல் நிலைகளைப் பிளந்து, இல்லாத காந்தத்தை உண்டாக்குவதாக 2015இல் தெரிந்தது. நிற்கும் இடத்தையும் அங்கே அது செய்யும் மாற்றத்தையும் குவாண்டம் கணக்கீட்டால் முன்கூட்டியே சோதிக்க இன்று முடிகிறது. அந்தச் சோதனை இல்லாமல் ஒரு நுண்துகளின் ஏற்றத்தை அறிவிக்கும் கட்டுரையை, எண் எவ்வளவு பொருந்தினாலும், நான் ஏற்கமாட்டேன்.