எழும்பூரில் கண்டதும் எழுதியதும்

ஆடிக் கிருத்திகைக் காவடிகள் மலையிறங்கிப் போய், திருத்தணித் தெருக்களில் நடக்க இடம் கிடைத்திருந்த ஒரு மாலைப்பொழுதில், எங்கள் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் நீளமான குறிப்பேடு ஒன்றை என் மேசைமீது வைத்தார். வரலாறு படிக்கிறவர். தறி ஓட்டும் குடும்பம். விடியற்காலையில் மின்சார இரயிலேறிச் சென்னைக்குச் சென்று, இருட்டிய பின் ஊர் திரும்புகிறவர். கலை வரலாற்றுப் பாடத்துக்காக, கலைக்கூடங்களில் கண்டவற்றையும் அப்போது உணர்ந்தவற்றையும் எழுதி வருமாறு ஆசிரியை பணித்திருந்தாராம். "மார்க் எல்லாம் வேண்டாம் ஃபாதர், படிச்சுட்டு சொல்லுங்க" என்றார்.

அச்சேறிய நூல்களுக்கு மதிப்புரை எழுதியிருக்கிறேன். கையெழுத்துக் குறிப்பேட்டுக்கு எழுதுவது இதுவே முதன்முறை. மாணவியின் இசைவோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

குறிப்பேட்டின் முதற்பகுதி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பற்றியது. 1851-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அங்குள்ள செப்புத் திருமேனிக் கூடத்தில், திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால் நின்றதை மாணவி எழுதியிருக்கிறார். திருவாலங்காடு நமக்கு அயலூர் அன்று. இவர் நாள்தோறும் போகும் இரயில் அரக்கோணத்தைக் கடந்ததும் திருவாலங்காடு நிலையத்தில் நிற்கிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபடியே போய் வந்தவர், அவ்வூர்ப் பெயரைக் கண்ணாடிப் பேழையின் அருகே ஒரு சிறு அட்டையில் படித்தபோது திடுக்கிட்டாராம். "பக்கத்து ஊர்க்காரரை வெளியூரில் பார்த்தது போல இருந்தது" என்பது அவர் வாக்கியம். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே குறிப்பேட்டை மூடாமல் தொடர்ந்து படித்தேன்.

ஆனால் அடுத்த இரண்டு பக்கங்கள் என்னைச் சோர்வடையச் செய்தன. பிரபஞ்ச நடனம், படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் எனப் பாடநூல் வரிசையாக வந்து நிற்கிறது. குற்றம் ஏதும் இல்லை, எல்லாம் சரியானவையே. ஈழத் தமிழர் குடும்பத்தில் தோன்றிய ஆனந்த குமாரசாமி 1918-இல் வெளியிட்ட நூலில், சைவ சித்தாந்த நூல்களைத் துணைகொண்டு இவ்விளக்கத்தை உலகறியச் சொன்னார். அதற்குப் பின் நடராசரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலோர் அதையே திரும்பச் சொல்கின்றனர். பேழைக்கு முன்னால் நிற்காமலே இந்த இரண்டு பக்கங்களையும் எழுதியிருக்க முடியும் என்பதே என் குறை. ஐந்தொழிலையும் அறிந்த பிறகு, ஊன்றிய காலின் முழங்கால் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் நேர்மாறானவர். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் திருமேனிகளின் நிழற்படங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1921-இல், அது அச்சேறியது. ஐந்தொழிலைப் பற்றி அவர் அறிந்தது சொற்பம். ஆனால் உதட்டையும் கண்ணையும் கால்களையும் நிழல் விழும் இடங்களையும், தம் கையால் களிமண் பிசைந்த ஒருவருக்கே உரிய பசியோடு பார்த்தார். பொருளறிந்து பாராதவர்கள் நாம்; பொருளறியாமல் பார்த்தவர் அவர். நம் மாணவிக்கோ இரண்டும் வாய்க்கக்கூடிய நிலை. நிழற்படமன்று, திருமேனியே இரண்டடித் தொலைவில் இருக்கிறது!

மூன்றாவது பக்கத்தில் பாடநூல் ஓய்கிறது. மாணவி பார்க்கத் தொடங்குகிறார். மற்ற நடராசர்களுக்குச் சுற்றிலும் தீச்சுடர்த் திருவாசி இருக்கிறது, இவருக்கு இல்லை; காற்றில் விரிந்து பறக்கும் சடையும் இல்லை; அதனால்தானோ என்னவோ இவர் அதிகமாக அசைவது போலத் தெரிகிறார் என்று எழுதுகிறார். மிகச் சரியான பார்வை. சுடர்வட்டம் கண்ணை வட்டத்துக்குள்ளே சுழல விடும். அது இல்லாதபோது தூக்கிய காலும் வீசிய கையும் வெற்றிடத்தை வெட்டிக்கொண்டு போகின்றன. சடையின் ஆரவாரம் இல்லாததால் முகத்தின் அமைதி துலங்குகிறது. இதை எந்த ஆசிரியரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். வீதியுலா வரும் உற்சவத் திருமேனிகளைச் சாலையோரம் நின்று பலமுறை பார்த்திருக்கிறாராம். பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகம் மட்டுமே தெரியும். அருங்காட்சியகத்தில் பட்டில்லை, பூவில்லை, விளக்கில்லை. தோளும் இடையும் முதுகும் தெரிந்தன. வேற்றுச் சமயத்தவள் உற்றுப் பார்க்கிறாளே என்று முகம் சுளிப்பார் யாருமில்லை. நெடுநேரம் நின்றாராம். பிறகு ஒரு கேள்வி: "நான் பார்த்தது கலையா, சாமியா?"

அருங்காட்சியகத்தின் கொடையும் பறிப்பும் ஒருசேர இக்கேள்வியில் அடங்கியிருக்கின்றன. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகம் வார்த்த சோழர் காலத்துக் கம்மியர், அத்திருமேனி என்றைக்கும் மின்விளக்கின் கீழ் ஆடையின்றி நிற்கும் என்று எண்ணியிருக்க மாட்டார். ஆனாலும், பட்டுக்குள் மறையப்போகும் முதுகைக்கூட அவர் அரைகுறையாக விடவில்லை. மனிதர் எவரும் பாராத இடத்திலும் வேலை முழுமையாக இருக்கிறது. மாணவி பார்த்தது அந்த முழுமையை. அதற்குக் கலை என்று பெயரிடுவதா, வழிபாடு என்று பெயரிடுவதா என்பதை அக்கம்மியரிடம்தான் கேட்க வேண்டும்.

அமராவதிக் கூடத்தைப் பற்றிய பகுதி சிறியது. ஆனால் குறிப்பேட்டிலேயே உயர்ந்தது. குண்டூர்ப் பகுதியிலிருந்த அந்தப் பௌத்தத் தூபியின் சிற்பங்களை 1845-இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். ஒரு பகுதி 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேறிற்று; எஞ்சியது எழும்பூரில் இருக்கிறது. பளிங்கு என்று சொல்லப்பட்டாலும் அது சுண்ணாம்புக்கல். (1953-இல் ஆந்திரத்தோடு போய் 1960 ஏப்ரல் முதல் நாளில் திரும்பி வந்த ஊர் நம்முடையது. அமராவதிக் கற்களுக்கு அப்படியொரு நாள் வரவில்லை.) அங்கே மதங்கொண்ட நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பத்தைத்தான் எல்லாரும் வியப்பர். ஒரே வட்டத்துக்குள் ஒருபுறம் யானை மனிதரைத் தூக்கி வீசுகிறது. மறுபுறம் அதே யானை மண்டியிடுகிறது. மாணவியும் அதை வியந்திருக்கிறார். நான்கு வரிகளில் கடந்தும் போகிறார். அவரை நிறுத்தி வைத்தது வேறொன்று: வெறும் இருக்கை. பழைய சிற்பங்களில் புத்தருக்கு மனித உருவம் இல்லை. இருக்கை இருக்கிறது, பாதச்சுவடு இருக்கிறது, சுற்றிலும் கைகூப்பியவர்கள் இருக்கிறார்கள். அமர்ந்திருக்க வேண்டியவர் மட்டும் இல்லை. சிற்பம் சிதைந்துவிட்டது என்றே முதலில் எண்ணினாராம். பிறகு, பெரிய வெள்ளியன்று கதவு திறந்தபடி வெறுமையாக இருக்கும் நற்கருணைப் பேழை அவருடைய நினைவுக்கு வந்திருக்கிறது. சிறுமியாக இருந்தபோது அதைப் பார்த்து அழுததாகவும், இன்மையைக் கல்லில் செதுக்க முடியும் என்று அன்று அறிந்ததாகவும் எழுதுகிறார்.

குருமடத்தில் உருவ வணக்கம் பற்றி ஒரு பருவம் முழுவதும் படித்தவன் நான். அரியணையை வெறுமையாகத் தீட்டி அதன்மேல் சிலுவையை மட்டும் வைக்கும் பழைய கிறிஸ்தவ ஓவிய மரபையும் தேர்வுக்காகப் படித்ததுண்டு. அமராவதி இருக்கையையும் நம் பேழையையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

சோழமண்டலக் கலைக்கிராமத்தைப் பற்றிய பகுதியில் எனக்கு வருத்தம் உண்டு. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் உருவாக்கிய அக்கிராமத்துக்குச் சென்றுவந்து, பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பற்றி மூன்றே வரிகள். "எழுத்து போல இருக்கிறது. படிக்க முடியவில்லை. புரியவில்லை." புரியவில்லை என்று ஒப்புக்கொள்வது நேர்மை. ஆனால் நடராசருக்கு நெடுநேரம் தந்தவர், பணிக்கருக்கு இரண்டு நிமிடமாவது தந்தாரா? சாதகக் கட்டம் போலவும் ஏட்டுச்சுவடி போலவும் தோன்றும் அந்த எழுத்துகள் படிப்பதற்காக எழுதப்பட்டவையல்ல. படிக்கத் தெரியாத சிறுவன் பாட்டியின் சுவடியைப் பார்க்கும் பார்வையை நமக்குத் திருப்பித் தருபவை. இரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மாணவி காரணம் சொன்னார். இருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. சென்னைக்குப் போய்ச் சிற்பம் கண்டவர், தம் சொந்த ஊரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. திருத்தணி என்றால் முருகன் மலையும் அதன் முந்நூற்று அறுபத்தைந்து படிகளும், மிஞ்சினால் 1888-இல் இங்கே பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகின்றனர். மலைக்குக் கீழே, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட பல்லவ மன்னன் அபராசிதன் காலத்து வீரட்டானேசுவரர் கற்றளி இருக்கிறது. படுத்த யானையின் முதுகு போலப் பின்புறம் வளைந்த, தூங்கானை மாடம் என்று தமிழில் அழகாகப் பெயர்பெற்ற அமைப்பு. பல்லவர் முடிந்து சோழர் தொடங்கும் இடம் எது என்று கேட்கும் அறிஞர்கள் தேடி வரும் கட்டடம். இதை நான் சொன்னபோது மாணவி நாணினார். எனக்கும் நாண உரிமையுண்டு. இவ்வூருக்கு வந்து மூன்றாம் ஆண்டில்தான் நானே அதைப் பார்க்கப் போனேன்.

இனி, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கடைசிப் பக்கம். அங்கே மாணவி எங்கள் ஆலயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எழும்பூரிலிருந்து திரும்பிய ஞாயிறன்று, திருப்பலியின்போது சுரூபங்களைப் பார்த்தாராம். திரு இருதய ஆண்டவர் முகமும் சூசையப்பர் முகமும் ஒரே அச்சில் வார்த்தவை. அதே முகத்தை நகரியிலும் அரக்கோணத்திலும் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கின்றன, ஆனால் யாரும் அவற்றைச் செய்ததாகத் தெரியவில்லை என்கிறார். பீடத்துக்கு மேலே தொங்கும் பழைய மரப்பாடுபட்ட சுரூபம் ஒன்றுதான் தம்மைப் பார்க்க வைத்தது என்றும் எழுதியிருக்கிறார்.

கோபம் வந்தது. சென்ற மாதம்தான் பங்குப் பேரவை கூடி, கரையான் அரித்த அந்த மரச்சுரூபத்தை இறக்கிவிட்டு, ஆளுயரத்தில் வண்ணம் தீட்டிய பைபர் சுரூபம் ஒன்றை வாங்குவதென்று முடிவெடுத்திருந்தது. முடிவை முன்மொழிந்தவன் நான்.

கோபம் தணிந்த பின் ஒரு பழைய நினைவு வந்தது. வேறொரு பங்கில், இளங்குருவாக இருந்தபோது, வியாகுல மாதாவின் பழைய மரச்சுரூபம் ஒன்றைத் திருவிழாவுக்காகப் புதுப்பிக்க விரும்பினேன். பெயர்ப்பலகை எழுதும் ஒருவரை அழைத்து எனாமல் பூசச் செய்தேன். பளபளவென்று வந்தது; எல்லாரும் பாராட்டினர். ஒரு மூதாட்டி மட்டும் அருகில் வந்து, "சாமி, அம்மா மொகம் எங்க போச்சு?" என்றார். நான் சிரித்துவிட்டேன். கன்னத்தில் உளி விட்டிருந்த மெல்லிய கோடுகள், கண்ணீர் என்று அம்மூதாட்டி ஆண்டுக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தவை, வண்ணத்தின் கீழே போய்விட்டன. திருவழிபாடு பற்றிய வத்திக்கான் சங்க ஏடு, வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என 124-ஆம் எண்ணிலும், ஆலயத்தின் கலைப்பொருள்கள் கைமாறவோ சிதறவோ விடாமல் காக்க வேண்டும் என 126-ஆம் எண்ணிலும் கூறுவதை நான் குருமடத்தில் மனப்பாடமே செய்திருந்தேன்.

எனினும் மாணவியோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். அச்சில் வார்த்த அந்தத் திரு இருதய ஆண்டவர் முன் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெண் வந்து நிற்கிறார். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்ச் செய்தி இல்லை. சுரூபத்தின் பாதத்தில் வண்ணம் தேய்ந்து வெண்சாந்து தெரிகிறது. தேய்த்தவை அவருடையவை போன்ற விரல்கள். 787-இல் கூடிய நிசேயாச் சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் உருவத்துக்கு உரியவரையே சேர்கிறது என்றது. உருவம் அழகாக இருந்தால் மட்டுமே சேரும் என்று சொல்லவில்லை. சுரூபத்தை எப்படிப் பார்ப்பது என்று எழும்பூர் நம் மாணவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதன் முன் நிற்பவரைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கூடத்துத் திருமேனிக்கு முன் அப்படி ஒருவர் நிற்பதில்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் இதைப் பென்சிலால் எழ்தித் திருப்பிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அந்த அம்மாவை நான் பாத்ததே இல்ல ஃபாதர்" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனா அவங்களுக்கும் நல்ல சுரூபம் இருந்தா என்ன?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

சென்ற வாரம் தச்சர் ஒருவரை வரவழைத்து மரச்சுரூபத்தை இறக்கினோம். மாணவி கைவிளக்கைப் பிடித்துக்கொண்டார். கரையான் அரித்திருப்பது சிலுவையைத்தான். திருவுடலில் இடது குதிகாலைத் தவிரச் சேதம் இல்லை. சுவரைப் பார்த்திருந்த முதுகுப்புறத்தைத் திருப்பியபோது, விலா எலும்புகள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டிருந்தன. தச்சர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சிலுவையை மட்டும் மாற்றினால் போதும் என்றார்.

பைபர் சுரூபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வரும் ஞாயிறு பங்குப் பேரவை மீண்டும் கூடுகிறது. மாணவியை வரச் சொல்லியிருக்கிறேன். குறிப்பேட்டையும் எடுத்துவரச் சொன்னேன்.