க்யூஆர் கோடில் கடன்: ரூபே கிரெடிட் கார்டு எப்படி?

பால் பாக்கெட்டையும் கிரெடிட் கார்டில் வாங்கலாம். ரூபே கிரெடிட் கார்டை யூபிஐ-யோடு இணைக்க ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பஞ்சாப் நேஷனல், யூனியன் வங்கிகளோடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் சேர்ந்து இதைத் தொடங்கின. ஸ்வைப் மெஷின் வாங்க வசதியில்லாத மளிகைக் கடை, மருந்துக்கடை வரைக்கும் கடன் அட்டை செல்லுபடியானது அதற்குப் பிறகுதான். வசதி உண்மையானது. ஆனால் இந்தக் கார்டை வாங்கலாமா என்பதை அந்த வசதியை வைத்து முடிவு செய்யக் கூடாது.

விண்ணப்பம் முழுக்க வங்கியின் செயலியிலேயே முடிகிறது. பான், ஆதார் ஓடிபி, வருமான விவரம், பிறகு வீடியோ கேஒய்சி. லொகேஷனை ஆன் செய்து, பான் கார்டை கேமரா முன் காட்டி, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சம் கார்டில் பட்டுத் தெறித்தால் எண் தெரியாது. பகலில் சன்னலோரம் உட்கார்ந்தால் சட்டென்று முடிகிறது. நான் பார்த்த ஒரு செயலியில் கார்டு பாதுகாப்புக் காப்பீட்டுக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் காப்பீட்டைத் தலையில் கட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. டிக்கை எடுத்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்க முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. செயலிகள் அதைச் சின்ன எழுத்து லிங்க்கில் ஒதுக்கிவிடுகின்றன, தேடியாவது படியுங்கள். ‘வாழ்நாள் இலவசம்’ வேறு, ‘முதல் ஆண்டு இலவசம்’ வேறு. யூபிஐ செலவுக்கு ரிவார்டு பாயின்ட் உண்டா என்பதையும் பாருங்கள். கடையில் ஸ்வைப் செய்தால் கிடைப்பதைவிடக் குறைவாகத் தரும் கார்டுகள் நிறைய. மாஸ்டர், விசா, ரூபே என்று எந்த நெட்வொர்க் வேண்டும் என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெரிய வங்கிகள் 2024 செப்டம்பர் முதல் தர வேண்டும். யூபிஐ-க்காக வாங்குகிறீர்கள் என்றால் ரூபேயைக் கேட்டு வாங்குங்கள்.

இணைப்பது எளிது. யூபிஐ செயலியில் கார்டின் கடைசி 6 எண்களையும் காலாவதி மாதத்தையும் கொடுத்து, ஓடிபி போட்டு, தனி பின் வைத்தால் தயார். கடைக்காரரின் வணிகக் கணக்கு க்யூஆர் என்றால் பணம் உடனே போகிறது. தன் சொந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டி வைத்திருக்கும் காய்கறிக்காரரிடம் போகாது. நண்பருக்கும் அனுப்ப முடியாது. அது சரியான கட்டுப்பாடுதான்.

எனக்கு உறுத்தியது வேறு. சேமிப்புக் கணக்கில் செலவு செய்தால் இருப்பு குறைவது கண்ணுக்குத் தெரியும், கை தானாக இறுகும். கார்டில் அந்தத் தடை இல்லை. டீ, ஆட்டோ, பரோட்டா என்று மாதம் முழுக்கச் சேர்ந்தது பில்லில் வரிவரியாக வந்து நிற்கிறது. அதனால் யூபிஐ செயலியில் இயல்புக் கணக்காகச் சேமிப்புக் கணக்கையே வைத்து, தேவையான இடத்தில் மட்டும் கார்டைத் தேர்ந்தெடுக்கிறேன்.

பில் வந்ததும் செயலி இரண்டு தொகைகளைக் காட்டும்: மொத்த நிலுவை, குறைந்தபட்சத் தொகை. மாதம் 3.5 சதவீத வட்டியுள்ள கார்டில் ஜூன் 10 அன்று 30,000 ரூபாய் செலவு செய்ததாக வையுங்கள். பில் ஜூலை 5, கடைசித் தேதி ஜூலை 25. அன்று குறைந்தபட்சமான 1,500 ரூபாயை மட்டும் கட்டினால் அபராதம் இல்லை. ஆனால் வட்டி ஜூலை 25-லிருந்து அல்ல, பொருள் வாங்கிய ஜூன் 10-லிருந்தே ஓடும். ஆகஸ்ட் 5 பில்லில் வட்டி ஏறக்குறைய 1,910 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நிலுவை 30,750-ஐத் தாண்டிவிடும். 1,500 கட்டிய பிறகு கடன் கூடியிருக்கிறது! இதற்கிடையில் வாங்கும் புதிய பொருளுக்கும் வட்டியில்லா நாள்கள் கிடையாது. கேஷ்பேக் ஒரு சதவீதம் தருகிறார்கள் என்று மகிழும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் கடன் அறிக்கையைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒரே நேரத்தில் நாலைந்து வங்கியில் விண்ணப்பித்தால் ஒவ்வொன்றும் அறிக்கையில் பதிவாகி மதிப்பெண்ணை இழுக்கும். நிராகரித்தால் காரணத்தை வங்கி எழுத்தில் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கி, அதைச் சரிசெய்த பிறகே அடுத்த விண்ணப்பம். வருமானச் சான்று இல்லாத இளைஞர்களுக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டைப் பிணையாக வைத்து வாங்கும் கார்டு நல்ல தொடக்கம்.

மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது, பில்லை முழுதாகக் கட்ட முடியும் என்றால் ஆண்டுக் கட்டணமில்லாத ரூபே கார்டு ஒன்றைத் தாராளமாக வாங்கலாம். ஏற்கெனவே ஒரு கார்டில் நிலுவை இருப்பவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். வாங்கிய அன்றே ஆட்டோ டெபிட் வையுங்கள். அதில் ‘குறைந்தபட்சத் தொகை’யை விட்டுவிட்டு ‘மொத்த நிலுவை’யைத் தேர்ந்தெடுங்கள். பிடிக்காவிட்டால் பாக்கியைக் கட்டிவிட்டு மூடச் சொல்லலாம். 7 வேலை நாளுக்குள் மூடாத வங்கி, அதன் பிறகு தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.