மறுக்கக் கையில் வரி இருக்கணும்

பட்டாபிராமில் தோழர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்துகிறோம். போன கூட்டத்தில் தோரோவின் கட்டுரையை எடுத்துக்கொண்டோம். அடிமை முறையைக் காப்பாற்றுகிற, மெக்சிகோ மேல் படை அனுப்புகிற அரசுக்குத் தலைவரி கட்டமாட்டேன் என்று 1846 ஜூலையில் கான்கார்டு ஊர் ஜெயிலில் ஒரு ராத்திரி கிடந்தவர் அவர். 1849இல் அச்சேறிய கட்டுரை. கல்லூரி மாணவர் ஒருவர் வாசித்து முடித்ததும், ராணுவச் சீருடை தைத்து ஓய்வு பெற்ற பெரியவர் கேட்டார்:

"அத்தெல்லாம் சரி தம்பி. அந்தாளு கிட்ட வரி கேட்டு வந்தாங்க, தரமாட்டேன்னாரு. எங்கிட்ட யாரு கேட்டா? சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே புடிச்சிக்கினாங்க. நான் எத்த தரமாட்டேன்னு சொல்றது?"

எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. மனச்சாட்சியின் பேரால் போர் வரியை மறுப்பது பற்றிய எழுத்துகள் எல்லாம் ஓர் ஆளை முன்வைத்தே பேசுகின்றன. அவன் பேரில் வரி விதிக்கப்பட்டிருக்கும். அதைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற நேரமும் அவனுக்கு இருக்கும். அந்த ஆள் யார்? அவன் சேரியில் இருக்கிறானா?

தோரோவுக்கு முன்பே மத மனச்சாட்சியின் பேரில் இதைச் செய்தவர் ஜான் உல்மன். குவேக்கர் சபைக்காரர். பெரியவரைப் போலவே தையல்காரர். 1755இல் பென்சில்வேனியாவில் போருக்கென்று வரி போட்டபோது, கட்ட மனம் ஒப்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட குவேக்கர்களில் ஒருவர். உல்மனை நான் மதிக்கிறேன். காரணம், அவர் வரியோடு நிற்கவில்லை. இளவயதில் முதலாளி சொன்னாரென்று ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதிக்கொடுத்தார். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னாளில் அடிமைகள் உழைப்பில் வந்த சர்க்கரையையும் விலக்கினார். தொலைவில் நடக்கும் கொடுமை தன் வீட்டுச் சாமானுக்குள்ளும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் தேடியது கறைபடாத கை. கறையோடுதான் கஞ்சி என்று ஆகிப்போனவர்கள் என்ன செய்வது? அதற்கு அவரிடம் பதில் கிடைக்காது.

நம் நாட்டு வரிமறுப்பைப் பார்ப்போம். 1918இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் விளைச்சல் பொய்த்தபோது நிலவரி கட்டாதே என்றார் காந்தி. அதே ஆண்டு, அதே மாவட்டத்தில், வெள்ளைக்காரனின் போருக்கு ஆள் சேர்க்கவும் ஊர் ஊராகப் போனார். 1928இல் பர்தோலி. வரி உயர்வை எதிர்த்து நின்றவர்கள் பட்டிதார் முதலான நிலக்காரர்கள். அவர்கள் நிலத்தில் ஹாலி என்று பேர் வைத்துக் கடனுக்கு அடிமையாகக் கிடந்த துப்ளாக்களிடம் மறுக்க வரியும் இல்லை, பறிகொடுக்க நிலமும் இல்லை. வரிமறுப்பு வரலாற்றில் இவர்களுக்கு என்ன இடம்?

தொலைவாகப் போக வேண்டாம். ஆவடியும் பூந்தமல்லியும் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றிக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறோமே, அதுதான். கிஸ்தி கட்ட ஒரு குழி நிலம் இல்லாதவன் கிஸ்தியை மறுத்து எப்படித் தியாகி ஆவான்?

இன்றைக்கும் கதை பெரிதாக மாறவில்லை. 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யும் அக்கா வாங்குகிற சோப்பில், செருப்பில், செல்போன் ரீசார்ஜில் வரி இருக்கிறது. வருமான வரி கட்டுகிறவன் மட்டும் 'வரி கட்டும் குடிமகன்' என்று நெஞ்சை நிமிர்த்துகிறான். அக்கா கட்டுவது கணக்கிலேயே வராது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்குச் சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் அவள் சோப்புக் காசும் உண்டு. மறுக்க வேண்டுமானால் அவள் குளிக்காமல் இருக்க வேண்டும்.

போரிலிருந்து விலகி நிற்கவும் இங்கே இடமில்லை. 1961 தொட்டு ஆவடியில் டேங்க் பேக்டரி இருக்கிறது. விஜயந்தாவும் அர்ஜுனும் அங்கேதான் செய்யப்பட்டன. பக்கத்திலேயே சீருடை தைக்கும் தொழிற்சாலை. நம்மில் எத்தனையோ குடும்பம் சேரியை விட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்தது, பிள்ளைகள் படித்தது, எல்லாம் இந்தச் சம்பளத்தில்தான். 2021இல் இப்படிப்பட்ட ஆலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது. கூலிக்காகக் கூட வேலையை நிறுத்தக்கூடாது என்று சட்டம் வந்த இடத்தில் மனச்சாட்சிக்காக நிறுத்துவதைப் பற்றி யார் பேசுவது?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. 27ஆம் பிரிவு, ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே செலவாகும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கோயிலுக்கென்று வரி போட்டால் மறுக்கலாம், டேங்குக்கென்றால் முடியாது. அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1982இல் ஆமிஷ் சபைக்காரர் ஒருவரின் வழக்கில், மதநம்பிக்கையைக் காட்டி வரியிலிருந்து விலக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் நமக்கு மனச்சாட்சியே கிடையாதா? இங்கேதான் அம்பேத்கரைப் படிக்க வேண்டும். அவர் இறந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்து வீட்டை விட்டு ஓடுகிற சித்தார்த்தன் இல்லை. ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகக் கோலியர் மேல் படையெடுக்கச் சாக்கியர் சங்கம் தீர்மானம் போடுகிறது. சித்தார்த்தன் எழுந்து எதிர்க்கிறான். ஓட்டெடுப்பில் தோற்கிறான். படையில் சேரவும் மறுக்கிறான். குடும்பத்தை ஊர்விலக்கம் செய்வோம், நிலத்தைப் பறிப்போம் என்கிறார்கள். குற்றம் என்னுடையது, அவர்களை விட்டுவிடுங்கள் என்று தானே நாட்டைவிட்டுப் போகிறான்.

தோழர்களே, மிரட்டலைக் கவனியுங்கள். ஊர்விலக்கம், நிலப்பறிப்பு. இது நம்ம ஊர்ப் பஞ்சாயத்து பேசுகிற பேச்சு. சண்டையும் தண்ணீருக்கு. குளத்தில் தண்ணீர் எடுக்க மகாத் போராட்டம் நடத்தியவர் இதை இப்படி எழுதியது தற்செயலா? கதை அங்கேயும் முடியவில்லை. ஜனங்களின் எதிர்ப்பால் போர் நின்றுவிட்டது, திரும்பி வா என்று செய்தி வருகிறது. அவன் திரும்பவில்லை. நாடுகளுக்குள் சண்டை எப்போதாவது வருவது, வர்க்கங்களுக்குள் சண்டை தினமும் நடப்பது, இதற்கு வழி தேடணும் என்று மேலே நடக்கிறான்.

சிலர் கேட்பார்கள்: 1940இல் போருக்கு ஆளோ பணமோ தராதே என்று வினோபா கைதானபோது, அம்பேத்கர் என்ன செய்தார்? 1941இல் மகார் ரெஜிமெண்ட் அமைய வழி செய்யவில்லையா, 1942இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் அமரவில்லையா? ஆமாம். நாஜிகளை வெல்ல விடக்கூடாது என்றார். பட்டாளச் சம்பளம் நம்மாட்களுக்கு ஊருக்கு வெளியே கிடைத்த காசு என்பதும் அவருக்குத் தெரியும், அவர் அப்பாவே சுபேதார். அகிம்சையை அவர் விதியாக வைக்கவில்லை, ஆளாளுக்கு யோசித்து நடக்க வேண்டிய கொள்கையாகவே வைத்தார். இதில் ஒரு இழுபறி இருக்கிறது. அதை மறைத்து அவரைச் சாந்த சொரூபியாக்க வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான். கையைக் கழுவிக்கொள்கிற மனச்சாட்சி நமக்கு வாய்க்காது. சபையில் எழுந்து பேசுகிற மனச்சாட்சி வாய்க்கும். என் சோப்புக் காசு எங்கே போகுது, டேங்குக்கு எவ்வளவு, மலக்குழியில் ஆள் இறங்காமலிருக்க எந்திரம் வாங்க எவ்வளவு என்று வார்டுக் கூட்டத்தில், சங்கத்தில், ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் கேட்பது. வரியை நிறுத்த முடியாதவன் கணக்குக் கேட்பதை நிறுத்தக்கூடாது. தோற்றாலும் சங்கத்தில் நின்று சொன்னானே, அதுதான் சித்தார்த்தனின் முதல் வேலை.

கூட்டம் முடிந்து ரயில் நிலையம் வரை பெரியவரோடு நடந்தேன். "வருசக்கணக்கா தச்சேன் தம்பி. அந்தச் சட்டைய போட்டுக்கினு போனவன் திரும்பி வந்தானான்னு எனக்கு யாரும் சொன்னதில்ல. நானும் கேக்கல" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அதைப் பேசச் சொல்லியிருக்கிறோம்.