நிலாவுக்குப் பின்னால் புகுந்து போ

நெமிலிச்சேரி மொட்டைமாடியில் நின்று ராக்கெட் பார்ப்பது சுலபம். ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பினால் வடக்கே ஆரஞ்சுப் பொட்டு ஒன்று எழும்பும். சில நிமிடங்களில் மறைந்துவிடும். தெருவே கீழே இறங்கிவிடும். எனக்கு ருசியே அதற்குப் பிறகுதான். அதைப் பார்க்க 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்ற கணினி விளையாட்டு வேண்டும்.

அதில் கெர்பின் என்றொரு குட்டி பூமி, அதற்கொரு நிலா. 80 கி.மீ. உயரத்தில் சுற்றும் கலத்துக்கு விநாடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகம் கூட்டினால் நிலா வரை எட்டும். வரைபடத்தைத் திறந்து, எந்த இடத்தில் இன்ஜினை எரிப்பது என்று குறித்து, அந்தக் குறியைச் சுட்டியால் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அவசரமே வேண்டாம். நிலா போகிற பாதையில் அதற்கு முன்னால் குறுக்கிட்டால் கலம் வேகம் இழந்து வீட்டுப் பக்கம் விழும். பின்னால் புகுந்தால் கெர்பினின் பிடியை உதறிவிட்டுச் சூரியனைச் சுற்றப் போய்விடும். எரிபொருள் கிட்டத்தட்ட அதேதான். எரித்த நேரத்தில்தான் கொஞ்சம் முன்பின். நான் மூன்று நாள் சாயங்காலமும் தவறாமல் முன்னால்தான் போய் விழுந்தேன்.

இப்போது பின்னால் புகுந்து போய், பார்வையை நிலா மேல் வையுங்கள். நிலாவின் ஈர்ப்பு எல்லைக்குள் கலம் நுழைந்த வேகமும் வெளியேறிய வேகமும் ஒன்றே, திசைதான் திரும்பியிருக்கும். பார்வையைக் கெர்பினுக்கு மாற்றுங்கள். அதே கலம் வேகம் கூடிப் பறக்கிறது! நிலா சும்மா நிற்கவில்லை, விநாடிக்கு 543 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் துளி கலத்துக்குக் கைமாறியிருக்கிறது. இந்த இரண்டு பார்வையையும் மாற்றி மாற்றிப் பார்க்காதவர் பாதிதான் ரசித்தவர். எல்லாக் கணக்கையும் தானே போட்டுத் தரும் துணைநிரல்கள் உண்டு. முதல் மாதம் அவற்றைத் தொடாதீர்கள்.

நெருங்க நெருங்கத் திருப்பம் கூடும். பேராசைப்பட்டால் மலையில் மோதும்.

நிஜத்திலும் நம் கலம் ஒன்று இப்படிச் சுற்றியது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-ல் தரையிறங்கியது. அதைச் சுமந்து போன உந்துவிசைக் கலத்தில் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம். அக்டோபரில் அதைப் பூமிப் பக்கம் திருப்பினார்கள். நிலாவை நான்கு முறை உரசிவிட்டு நவம்பர் 10-ல் அதன் பிடியிலிருந்து விலகியது. 2025 நவம்பரில் பூமியும் நிலாவும் இழுத்த இழுப்பில் மறுபடி நிலாவிடம் போய், 6-ஆம் தேதி 3,740 கி.மீ. தொலைவிலும் 11-ஆம் தேதி 4,537 கி.மீ. தொலைவிலும் கடந்தது. 1 லட்சத்துக்கு 3 லட்சம் கி.மீ. என்றிருந்த சுற்றுப்பாதை 4.09 லட்சத்துக்கு 7.27 லட்சமாக விரிந்தது.

எங்கள் ஊரைத் தொட்டுப் போகும் வெளிவட்டச் சாலையில் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் லாரிக்காரர்களைக் கேளுங்கள். சுற்று வழியின் அருமை அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாலை எப்போதும் அங்கேயே கிடக்கும். கோள்கள் அப்படியல்ல. 1977-ல் கிளம்பிய வாயேஜர்-2 விண்கலத்துக்கு வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கும் வாகாக அமைந்தது சுமார் 176 வருடத்துக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு.

கடைசியாக ஒன்று. காலத்தை வேகமாக ஓட்டும் பொத்தானை, கலம் நிலாவை நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும், சத்தமே இருக்காது. கீழே பள்ளங்கள் ஓடும். நிலாவின் விளிம்பில் கெர்பின் முழுகி, கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் எழும்பும்.