நெல்லிக்கனியும் கையறுநிலையும்

எம்.ஏ. தமிழ் படித்தபோது புறநானூற்றின் 91ஆம் பாட்டைப் பலமுறை தேர்வில் எழுதியிருக்கிறேன். மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த, சாவை விலக்கும் நெல்லிக்கனியை அதியமான் நெடுமான் அஞ்சி தான் தின்னாமல், பயனையும் சொல்லாமல், ஔவைக்குக் கொடுத்துவிட்டான். வள்ளன்மை, தமிழ்ப்பற்று என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். சாகாமை வரம்தானா என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டவர் கரியாலூரில், கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கும் ஒரு மூதாட்டி. காய்ச்சலில் கிடந்த மகனை டோலி கட்டி இறக்கும்போது பாதி வழியில் பறிகொடுத்தவர். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். "அதத் தின்னுட்டு நான் மட்டும் கெடந்து என்னா பண்றது தம்பி?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மலை ஏறிப் பறிச்சவன் யாரு?" என்றார்.

முதல் கேள்விக்குப் பதில் 232ஆம் பாட்டில் இருக்கிறது. அதியமான் இறந்துவிட்டான். நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சிறுகலத்தில் கள் படைக்கிறார்கள். மலைகள் செறிந்த நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானா என்று கேட்கிறார் ஔவை. காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்கிறார். நெடிய ஆயுளை வாங்கியவரே அதை வேண்டாம் என்கிறார்.

தொகுத்தவர்கள் 91ஐப் பாடாண் திணையில் வாழ்த்தியலாகவும் 232ஐப் பொதுவியல் திணையில் கையறுநிலையாகவும் வைத்தார்கள். நடுவே 140 பாட்டுகள். வரம் ஓர் அறையில், அதன் விலை இன்னொரு அறையில். நம் பாடத்திட்டம் முதல் அறையை மட்டுமே திறந்து காட்டியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், அதியமான் பயனை ஏன் மறைத்தான் என்பதும் வேறாகப் படுகிறது. சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டார்.

சிமோன் தி பொவ்வா 1946இல் வெளியிட்ட நாவலில் சாகாவரம் பெற்ற ஃபோஸ்காவுக்குக் காலப்போக்கில் எல்லாமே சப்பென்று ஆகிவிடுகிறது. உயிரைப் பணயம் வைக்க முடியாதவனுக்கு எதிலும் ருசியில்லை. ஔவையின் துயரம் வேறு. அவருக்கு வாழ்க்கை அலுக்கவில்லை; கொடுத்தவன் இல்லாத வாழ்க்கையாக அது மிஞ்சிவிட்டது. கனி ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் கோளாறு.

இரண்டாவது கேள்விக்குப் பிரதியில் பதில் இல்லை. கனியின் அருமை சொல்லப்படுகிறது. பறித்த கை சொல்லப்படவில்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலையில் நின்று கேட்கும்போது இந்த மௌனம் சாதாரணமானதாகப் படவில்லை.

சாவு இருப்பதால்தான் வாழ்வுக்கு அழகு என்று நம் இலக்கிய நண்பர்கள் சொல்வதுண்டு. சரி, மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்குப் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அழகு பற்றிய பேச்சு அந்தத் தெருவில் எடுபடாது. சாகாமை சாபம் என்று சலித்துக்கொள்ளவும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் சாகாமை சாபம்தான் என்பது என் வாசிப்பு. எல்லோருக்கும் கிடைத்தால் என்ன ஆகும் என்று பிறகு பேசலாம். சாக வேண்டாத வயதில் சாகாமல் இருப்பது எல்லோருக்கும் கிடைக்கட்டும் முதலில். அதுவரை, 91ஐ நடத்தும் ஆசிரியர்கள் அதே வகுப்பில் 232ஐயும் நடத்தட்டும். பறித்தவன் யார் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கக்கூடும்.